காதால் படிக்கும் பாடநூல்

சுகம்ய புஸ்தகாலயா, அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக மத்திய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கிய இணைய நூலகம். உரிய சான்றுடன் உறுப்பினராகும் மாணவர் பாடநூலை டெய்சி, இ-பப், பிரெயில் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எண்ணிம ஒலிநூல் வடிவமான டெய்சியில் வேண்டிய பாடத்துக்கு நேரே தாவலாம். ஒலிநாடாவில் அது ஏது?

தமிழ்க் கோப்பில்தான் சிக்கல். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டிய 'அம்மா' கண்ணுக்கு அம்மாதான். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கோ 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'! ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால்தான் அது தமிழாகக் கேட்கும்.

மதுரை சுந்தரராஜன்பட்டியில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பிரெயில் நூல்களும் ஒலிநூல்களும் ஆக்குகிறது. இப்படிப் படியெடுக்கப் பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே லாபநோக்கின்றிச் செய்ய இடம் தருகிறது. பழைய எழுத்துருக் கோப்புகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் அவற்றை ஒருங்குறியாக்கி இத்தகைய அமைப்புகளுக்குக் கொடுக்கலாம்.