பழைய சேலையில் ஒரு கால்மிதி



நம்ம லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். அதற்குள்ளும் கையால் ஒரு சாமான் செய்து போட்டால் நம்ம வீடு என்ற சந்தோஷம் வரும்.

பழைய சேலையை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழியுங்க. மூன்று நாடாவைச் சடை மாதிரிப் பின்னுங்க. அதை வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நெருக்கமாகத் தையுங்க. மழைக்காலத்துக்கு நல்ல கால்மிதி. செலவு நூல் மட்டும்தான்.

ஆனால் ஒன்று. மலையில் கொழுந்து பறித்து வந்த அம்மா தலையில் இதையும் கட்டினால் அது இன்னொரு பிரட்டாகிவிடும். தகப்பன் கிழிக்கட்டும், பிள்ளைகள் பின்னட்டும். அம்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே நிறம் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு, செய்ததை எடுத்துக்கிட்டு வாங்க. எல்லோரும் பார்ப்போம்.