ஐயனாரும் மண்புரவியும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



ஐயனாரைப் பற்றி வேளார் கூட்டத்திற் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். பல ஊர்களில் அவருக்குப் பூசை செய்வோரும் புரவி செய்வோரும் நம்மவரே. ஆயினும் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் இக்காலத்தே ஒரு வினா எழுந்துள்ளது. "மழையிலும் வெயிலிலும் சிதைந்துபோகும் மண்குதிரை எதற்கு? சிமெண்டுக் குதிரை ஒன்று நிறுத்தினால் ஒரே செலவோடு முடிந்ததே!" என்கின்றனர். அதற்கு விடை கூறவே நிற்கின்றேன்.

முதலில் மூர்த்தியின் இலக்கணத்தைப் பார்ப்போம். ஒரு காலை மடித்து, மற்றொன்றைத் தொங்கவிட்டு, முழந்தாளைச் சுற்றி யோகபட்டம் தரித்து, கையிற் செண்டேந்திப் பூரணை புட்கலையரோடு வீற்றிருப்பவர் ஐயனார். யோகபட்டம் துறவிக்குரியது, செண்டு ஆள்வோனுக்குரியது, தேவியர் இருவரோ இல்லறத்தின் அடையாளம். இம்மூன்றும் ஓருருவிற் பொருந்தியிருத்தல் வியப்பன்றோ? அப்பர் பெருமான் தேவாரத்தில் சாத்தனைச் சிவபெருமானுக்கு மைந்தனாகவே பாடியிருக்கின்றார். சீகாழியில் இந்திராணியைத் தனியே விட்டு இந்திரன் செல்ல நேர்ந்தபோது அவளுக்குக் காவல் பூண்டவர் இவரே என்பது கந்தபுராணக் கதை. காவலே தொழிலாதலின், இவர் கோயில் ஊர் நடுவே அமையாது கண்மாய்க் கரையிலும் எல்லையிலும் அமைந்தது. கரை உடைந்தால் ஊர் ஏது? இரவில் எல்லையைச் சுற்றிவர வேண்டுமாதலின் குதிரை வேண்டியதாயிற்று.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐயனாருக்கு உயிர்ப்பலி இல்லை. அதே கோயிலிற் கருப்பருக்குக் கிடாய் வெட்டுங்கால் ஐயனார் சந்நிதியில் திரையிடுவர். இருவகை வழிபாடும் ஒரு கூரையின்கீழ்ச் சண்டையின்றி நடைபெறுவதைப் பெரிய கோயில்களிற் காண்பது அரிது.

நிற்க. மழைக்கும் மகப்பேற்றுக்கும் மாடு கன்றின் நலத்துக்கும் நேர்ந்துகொண்டு எடுப்பது புரவி. ஊர்ப் பெரியோர் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, நான்கு கால்களையும் குழாய்போல எழுப்பி, அவை இறுகிய பின்னரே வயிற்றை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஈரத்தின் பாரம் தாங்காது கால்கள் பிதுங்கிவிடும். உள்ளே வெற்றிடம் விடாவிடின் சூளையில் வெடித்துவிடும். வைக்கோலும் விராட்டியும் மூடிச் சுட்டு, வண்ணந் தீட்டிக் கண் திறந்தபின், ஊரார் தோளிற் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவதே புரவி எடுப்பு.

சென்ற தலைமுறையின் குதிரைகள் காலிழந்தும் தலையிழந்தும் மரத்தடியிற் கிடக்கின்றன; எவரும் அவற்றை அப்புறப்படுத்துவதில்லை. கண்மாயிலிருந்து வந்த மண் கண்மாய்க் கரையிலேயே மண்ணாகின்றது. குதிரை சிதைவதனாலன்றோ ஊரார் மறுபடியும் கூடிப் பிடிமண் கொடுக்கின்றனர்? சிமெண்டுக் குதிரை நிலைத்து நிற்கும். ஆனால் அது நின்ற ஊரிற் பிடிமண்ணும் இல்லை, தோளிற் சுமப்பாரும் இல்லை.

நிலைத்து நிற்கும் பெருங்குதிரைகளை யான் இகழவில்லை. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்த குதிரைக்கு மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கான காகிதப்பூ மாலைகள் சாத்துகின்றனர். அங்கே ஊர் கூடுவதற்கு அந்த மாலைகளே போதும். எல்லா ஊருக்கும் அஃது இயலுமா?

இனி நம் பங்கு. கண்மாயில் மண்ணெடுக்க வழியில்லை என்று நம்மவர் சொல்லி வந்தனர். 2024-ஆம் ஆண்டில், மண்பாண்டத் தொழிலாளர் வட்டாட்சியரின் அனுமதி பெற்றுக் கட்டணமின்றிக் களிமண் எடுக்க அரசினர் வகைசெய்தனர். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், கண்மாய் வறண்டிருக்கும்போதே மண்ணை எடுத்துச் சேமித்துவிட வேண்டும். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர், இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தங்கள் ஊரின் பெயரையும் கண்மாயின் பெயரையும் கொடுத்துச் செல்லலாம்.