303ஆம் பிரிவும் எங்கள் நேர்ஸ்மாரும்

(இணுவிலில் தாதியர் தினக் கூட்டத்தில் பேசியது)



எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு முன்னே பேசிய ஐயா, கருவைக் கலைத்துவிட்டு வருகிறவளைப் பராமரிக்கும் நேர்சும் பாவத்தில் பங்காளி என்று சொல்லி, கைதட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார். முன்வரிசையில் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டு மாலை போட்டுவிட்டா இந்த வார்த்தை?

அவர்கள் செய்வது என்ன? சாமத்திலே ஒருத்தியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. நடுக்கத்தில் பல் கிட்டுகிறது. பிரஷர் விழுந்துகொண்டே போகிறது. கட்டில் விரிப்பெல்லாம் இரத்தம். கூட வந்த தாய் "வயித்துக்குத்து" என்று சாதிக்கிறாள். நேர்ஸ் குனிந்து கேட்கிறாள்: "என்ன பிள்ளை எடுத்தனீ? எனக்குச் சொல்லு, நான் பொலிஸ் இல்லை." சொன்னால்தான் வைத்தியம் சரிவரும். சொன்னால் மறியல் என்று அவள் வாயை இறுக்குகிறாள். இந்தப் பயத்தைப் போட்டது எது? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு!

தாயின் உயிரைக் காக்கக் கருவைக் கலைத்தால் மட்டும் விலக்கு. மற்றபடி மூன்று வருடம் வரை சிறை; பிள்ளை துடிக்கத் தொடங்கியிருந்தால் ஏழு. தானே கலைத்தவளும் குற்றவாளி. பலாத்காரத்தால் கருவுற்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதுதான். 1883! அதை இயற்றிய சட்டசபையில் ஒரு பெண் இருந்தாளா? ஒருத்தியும் இல்லை!

அதற்கு முன்னமே, 1857இல், மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சிட்டார். 1898இல் இதே இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி எழும்பியது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு நேர்சைப் பாவி என்கிறீர்களே, வெட்கமில்லையா?

1995இல் இந்தப் பிரிவைத் தளர்த்தப் பாராளுமன்றத்தில் திருத்தம் வந்தது, பின்வாங்கினார்கள். 2017இல் அமைச்சரவையே இணங்கியது. மதத் தலைவர்கள் எதிர்த்ததும் கோப்பை மூடினார்கள். தளர்த்தினால் பெண்கள் கெட்டுப்போவார்களாம்! கெடுத்தவனைப் பற்றி இந்த வாய்களில் ஒரு வசனம் வருமா?

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் 1971இலேயே சட்டம் மாறிவிட்டது. அயர்லாந்தில் 2012இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண், கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறதென்று கலைக்க மறுத்ததால், கிருமி இரத்தத்தில் ஏறி இறந்தாள். அந்த நாடு 2018இல் வாக்களித்து மாற்றியது. நாங்கள் இன்னும் 1883இல்!

கரு கலைந்து வருகிறவர்களைப் பராமரிக்கும், எனக்குத் தெரிந்த ஒரு நேர்சின் கலியாணப் பேச்சுக் குழம்பியது. ஏன்? "உவள் அந்த விடுதியிலை நிக்கிறவள்" என்று யாரோ போய்ச் சொன்னார்கள். உயிரைப் பிடித்து நிறுத்திய கைக்கு ஊர் கொடுத்த கூலி அது!

கலைந்தபின் வருகிறவளுக்கு வைத்தியம் செய்வது குற்றமே இல்லை. அதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒவ்வொரு விடுதியிலும் கொழுவுங்கள். மறைவாகக் கதைக்க ஒரு அறை கொடுங்கள். இரவு வேலைக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள். ஒரு சாவைக் கண்டு வீடு போகிற நேர்சுக்கு மனம்விட்டுப் பேச ஆள் வேண்டும். யாராவது வந்து ஏசினால், பக்கத்தில் நின்று பதில் சொல்ல மேற்றன் வேண்டும்.

இவ்வளவையும் செய்தாலும் 303 அப்படியே கிடக்கும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிற ஐயாமாரைப் படியிலேயே மறித்து, அந்தப் பிரிவை மாற்றக் கை தூக்குவீர்களா என்று கேளுங்கள். மழுப்புகிறவருக்குத் தேத்தண்ணியும் கொடாதேயுங்கோ!