ஒரு கைநாட்டு மாதிரி இன்னொன்று இல்லை

(தென்னேரியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு குழந்தை வளர்ப்பு. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். ஆனால் 12 வருஷமாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எல்லாம் நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள சின்னப் பிள்ளைங்க. அதனால் சர்ச்சில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நம்ம குழுக்களில் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவங்க இருக்கோம். இது எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

மூணு வருஷம் முன்னாடி, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி. முதல் நாள் பாடம், "கடவுள் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் படைத்தார்" என்பது. பாடத்தைச் சொல்லி முடித்து, "உங்க முகத்தை நீங்களே வரைங்க" என்று தாளும் கிரையானும் கொடுத்தேன். பிள்ளைங்க, "ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு? எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று ஒரே சண்டை. எது தெரியுமா அந்த ஸ்கின் கலர்? வெளுத்த ரோஸ் நிறத்தில் ஒரு கிரையான். அங்கே இருந்த பிள்ளைகளில் ஒருத்தருக்கும் அந்த நிறம் கிடையாது. சொல்லிக் கொடுக்கிற எனக்கும் கிடையாது.

ஆறு வயசுப் பிள்ளை ஒருத்தி முகத்துக்கு நிறமே அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் கண்ணு என்று கேட்டால், "ஸ்கின் கலர் கிடைச்சதும் அடிக்கிறேன் டீச்சர்" என்கிறாள். பக்கத்திலேயே பழுப்பு கிரையான் சும்மா கிடக்குது. அதை எடுத்துக் கொடுத்து, "இதை அடி. கடவுள் உன்னை எவ்வளவு அழகாப் படைச்சிருக்கார் பாரு" என்றேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் டீச்சர் கிறிஸ்துமஸ் நாடகத்தில என்னைத் தேவதூதனா போடல?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரைக்கும் மரியாளாகவும் தேவதூதனாகவும் நான் நிறுத்தினது எல்லாம் சிவப்பான பிள்ளைங்க. கருப்பாக இருந்த பிள்ளைங்க மேய்ப்பர்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. வெள்ளை உடுப்புக்கு எடுப்பாக இருக்கும் என்று நானாகவே செய்துகிட்டு இருந்தேன். வாயால் ஒரு பாடம் சொல்லியிருக்கிறேன், கையால் வேறு பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைங்க கையைப் பார்த்துத்தான் படிச்சிருக்காங்க.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் ஊக்குநர் அக்காவைக் கேட்டு, நம்ம குழுப் பெட்டியில் தீர்மான நோட்டோடு இருக்கிற ஸ்டாம்ப் பேடை வாங்கிக்கொண்டு போனேன். கைநாட்டு என்றாலே நமக்கு ஒரு கூச்சம். குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அன்றைக்கு நாம பட்ட சந்தோஷம் நமக்குத்தான் தெரியும். அதே கைநாட்டைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தேன்.

ஆளுக்கு ஒரு தாளில் பெருவிரலை உருட்டி வைக்கச் சொன்னேன். ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் சுழி, ஒன்றில் வளைவு. வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். பெற்ற தாயே சில நேரம் பேரை மாற்றிக் கூப்பிடுவாள். அவங்க ரேகையும் ஒன்றாக இல்லை. ரேகை, நாம பிறக்கிறதுக்கு முன்னாடி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதை நம்பித்தான் 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்று தனி அலுவலகமே திறந்தாங்க. 

ஒரு பையன், "எங்க பாட்டிக்கு மெஷின்ல ரேகையே விழாது" என்றான். தறியிலும் வயலிலும் உழைத்த விரலுக்கு மேல்தோல் தேய்ந்துபோகும். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் பழைய ரேகையேதான் திரும்ப வரும், வேறு ரேகை வராது என்று சொன்னேன். பாட்டிக்குச் சொல்கிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் நாள் ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதை. 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவங்க. சின்ன வயசில் தன்னுடைய பழுப்புக் கண் பிடிக்காமல், நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபம் பண்ணினாங்களாம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். அழுதாங்க. 1895-இல் இந்தியா வந்தாங்க. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், ஆதரவில்லாத பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தாங்க. சேலை கட்டி, நம்ம ஜனங்களோடு ஜனமாகப் போகும்போது அந்தப் பழுப்புக் கண்தான் அவங்களுக்கு உதவியாக இருந்தது என்று சொல்வாங்க. அங்கே வந்த பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர்ந்த நாளைத் தனியாகக் கொண்டாடினாங்க. 1951-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அவங்க கல்லறையில் பறவைகள் தண்ணி குடிக்க ஒரு தொட்டி. அதில் "அம்மா" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். தேவதூதன் சீட்டு, திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு பையனுக்கு விழுந்தது. ஒரு வசனம் சொல்லி முடிக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது. சபை முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தது. கேள்வி கேட்டாளே அந்தப் பிள்ளை, அவளுக்கு அந்த வருஷமும் மேய்ப்பன் சீட்டுதான். "சீட்டுல வந்துச்சு டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே கோலை வாங்கிக்கொண்டாள். முந்தின வருஷமும் இதே கோல்தான். அன்றைக்கு நான் கொடுத்தேன், இன்றைக்கு அவளே எடுத்தாள்.

சகோதரிகளே, நம்ம வீட்டிலும் இதுதான் நடக்குது. "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோ", "உங்க அண்ணன் மாதிரி உனக்கு ஏன் மண்டையில ஏறல", "கருப்பா இருக்கே, இந்த நிறச் சட்டை வேணாம்". நானும் என் மகளிடம் இதையெல்லாம் சொன்னவள்தான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியவில்லை. நிறுத்த மட்டும் முடிந்தது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்ததும், ஒரு அம்மா எழுந்து தன் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். மார்க்கைச் சொல்லக் கூடாது, நிறத்தைச் சொல்லக் கூடாது, இன்னொரு பிள்ளையோடு சேர்த்துச் சொல்லக் கூடாது. முதல் வாரம் யாருக்கும் வாயே வரவில்லை. பிறகு ஒரு அக்கா எழுந்து, "என் பையன் ஆடு குட்டி போடும்போது ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தான்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அவனைக் கணக்குப் பாடத்துக்காகத் தினமும் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

உங்கள் குழுவிலும் இதைச் செய்து பாருங்கள். காசு செலவு இல்லை, தீர்மானம் போட வேண்டியதும் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் பெருவிரலைப் பிடித்து ஒரு தாளில் வைத்துப் பாருங்கள்.