டாக்டருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள்

(பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்காக விருதுநகர் மாவட்டத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



விடிந்ததும் வேன் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகிற ஊர்கள் நம்ம ஊர்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், கரிசல் காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். தூக்குவாளியோடு வேனில் ஏறிப் போனவங்க, சாயங்காலம் அதே வேனில் வந்து இறங்கினால்தான் வீட்டில் இருக்கிறவங்களுக்கு மூச்சு வரும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசையில் என்று பார்க்கிறோம். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். விபத்து என்றதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி? பெரிய டாக்டர் இருக்காரா?" என்பதுதான். தப்பில்லை, டாக்டர் வேணும். ஆனால் தீக்காயம் பட்டவர் டாக்டர் கைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது. டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகு ஒரு வருஷம் இருக்கிறது. இந்த இரண்டு நேரத்திலும் அவரைத் தாங்குவது வேறு கைகள். 108 ஆம்புலன்சின் மருத்துவ உதவியாளர், ஓட்டுநர், கட்டுப் போடுகிறவர், வார்டு பணியாளர், கிராம சுகாதார செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர். இவங்க என்ன செய்வாங்க, இவங்களிடம் நாம் என்ன கேட்டு வாங்கலாம், நம்ம பங்குக்கு என்ன செய்யணும் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதல் 20 நிமிஷம்

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. சுமார் 40 பேர் இறந்தாங்க. அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவங்களே இல்லை. வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடினவங்க, என்ன ஆச்சு என்று பார்க்கப் போனவங்க. அவங்க கிட்டப் போன பிறகுதான் பெரிய வெடிப்பு வந்தது. அதனால் முதல் பாடம் இதுதான்: புகை வருகிற அறைக்குப் பக்கத்தில் போகாதீங்க. உள்ளே இருப்பவரை எடுப்பது தீயணைப்புத் துறையின் வேலை. வெளியே வந்து விழுந்தவரைப் பாதுகாப்பான தூரத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பது நம்ம வேலை.

உடனே 108-ஐக் கூப்பிடணும். நம் மாநிலத்தில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிற இலவச சேவை இது. போனில் பதறாமல் நாலு விஷயம் சொல்லுங்க: எந்த ஊர், எந்த ஆலை, எந்த விலக்கில் திரும்பணும், எத்தனை பேருக்கு அடி. காட்டுக்குள் இருக்கிற ஆலைக்கு வழி தேடியே நேரம் போய்விடும். ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொண்டு விலக்கில் போய் நிற்கட்டும். அந்த ஒரு ஆள் நிற்பதே பாதி வைத்தியம்.

ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தண்ணீர்தான் மருந்து. உடம்பில் மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தட்டி உதறுங்க, தூள் படிந்த துணியைக் களையுங்க. தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்காதீங்க. பிறகு காயத்தின் மேல் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஓடட்டும். ஐஸ் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால், படாத இடத்தைப் போர்வையால் மூடி வைங்க, உடம்பு குளிர்ந்து நடுங்கக் கூடாது. அப்புறம் சுத்தமான வேட்டியால் மூடினால் போதும். இங்க், பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். நீங்க நல்ல எண்ணத்தில் தடவியதை, அந்த எரிகிற தோலிலிருந்து நாங்க சுரண்டி எடுக்கணும். அதுவரைக்கும் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கும் தெரியாது.

இன்னொன்று, மோதிரம். ஒரு அம்மாவைக் கொண்டுவந்தாங்க. காயம் ஒரு கையில் மட்டும்தான். வந்து சேர்வதற்குள் கை வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. வெட்டி எடுப்பதற்குள் விரலுக்கு ரத்தம் போகாமல் கறுத்துவிட்டது. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. தீக்காயம் ஆறியிருக்கும், மோதிரம்தான் விரலை எடுத்தது. வளையல், மோதிரம், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிடுங்க. கழுத்தில் காயம் என்றால் தாலிச் சங்கிலியையும்தான். மனசு வராது, தெரியும். கூட இருக்கிற அக்கா ஒருத்தர் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். ஆள் பிழைத்து வந்து போட்டுக்கொள்ளட்டும்.

ஆம்புலன்சுக்குள் நடப்பது

108-இல் வருகிற உதவியாளரை "கம்பவுண்டர் தம்பி" என்று நினைத்து, "சீக்கிரம் வண்டியை எடுப்பா" என்று விரட்டுகிறோம். அவர் நர்சிங்கோ உயிரியல் சார்ந்த படிப்போ முடித்து, தனியாகப் பயிற்சி எடுத்தவர். குரல் கம்மியிருக்கா, மூக்கு முடி கருகியிருக்கா, எச்சிலில் கரி வருதா என்று அவர் பார்ப்பார். மூடின அறையில் மாட்டியவருக்கு மூச்சுக்குழல் உள்ளே வெந்திருக்கலாம். இப்போது நன்றாகப் பேசுகிறவருக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு அடைக்கலாம். அதனால் அவர் ஆக்சிஜன் வைக்கிற ஒரு நிமிஷத்தை வீண் என்று நினைக்காதீங்க.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?" என்றும் கேட்பார். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பதே இல்லை. ஏன் கேட்கிறார் என்று சொல்கிறேன். தீக்காயத்தில் உடம்பின் நீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட எவ்வளவு குளுக்கோஸ் பாட்டில் மாதிரியான திரவம் ஏற்றணும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பில் 30 சதவீதம் காயம் என்றால், முதல் 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர். அதில் பாதி, முதல் 8 மணி நேரத்துக்குள் போகணும். அந்த 8 மணி நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுவது. வந்து சேர 2 மணி நேரம் ஆகியிருந்தால், மிச்சம் இருப்பது 6 மணி நேரம்தான். பிறகு மணிக்கு மணி சிறுநீரை அளந்து செவிலியர் சொல்ல, டாக்டர் கூட்டுவார், குறைப்பார். சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்து வைத்த ஒரு ஆளால் இந்தக் கணக்கு சரியாகும்.

எதனால் தீப்பட்டது என்பதையும் மறைக்காதீங்க. வீட்டில் வைத்துத் திரி சுற்றினேன், மருந்து வைத்திருந்தேன் என்று சொல்லப் பயந்து, "அடுப்பில் பட்டுச்சு" என்று சொல்கிறவங்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதத்தான் செய்வாங்க, அது விதி. ஆனால் மருந்துத் தூள் பட்ட கண்ணையும், வெடிச் சத்தத்தில் கிழிந்த செவிப்பறையையும் அடுப்புத் தீ என்று நினைத்துப் பார்த்தால் விட்டுப்போகும். பயத்தில் சொல்லும் பொய்க்குக் கண் விலையாகக் கூடாது.

"நேரா மதுரைக்கே விடுங்க" என்று வண்டியை மறித்துச் சண்டை போடாதீங்க. சிவகாசியிலிருந்து மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். 2012-இல் பலரை அங்கேதான் கொண்டு ஓடினோம். இன்றைக்குச் சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் பக்கத்தில் நிலைப்படுத்திவிட்டு மேலே அனுப்புவதா, நேராகப் போவதா என்பதை அவங்க முடிவு செய்யட்டும்.

வார்டு வாசலில்

தீக்காய வார்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கிருமிதான். தோல் என்கிற கதவு போய்விட்டது, யார் வேணும்னாலும் உள்ளே நுழையலாம் என்ற நிலைமை. வாசலில் நிற்கிற துப்புரவுப் பணியாளர் அம்மா, "செருப்பைக் கழட்டுங்க, ஒருத்தர் மட்டும் போங்க" என்றால், "நீ யாரும்மா சொல்றதுக்கு?" என்று எகிறுகிறோம். அந்த அம்மா காவல் காப்பது உங்க ஆளைத்தான். பத்துப் பேர் பார்க்க வருவதற்குப் பதிலாக, முட்டை, பருப்பு, பால் என்று சத்துள்ள சாப்பாட்டை நேரத்துக்கு ஒருத்தர் கொண்டுவந்தால் போதும். புதுத் தோல் வளர அதுதான் உரம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி வைத்தியம்

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். காயம் ஆறிவிட்டது, கட்டுப் பிரித்தாச்சு, வீட்டுக்கு வந்தாச்சு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆறின தோல் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். வலிக்கிறதே என்று கையை மடக்கி வைத்தால், மடக்கின மாதிரியே ஒட்டிக்கொள்ளும். எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலைதான் ஊனமாகும்.

ஒரு பையன், கழுத்தில் காயம். நல்லா ஆறித்தான் வீட்டுக்குப் போனான். அவங்க அம்மா பாசத்தில் இரண்டு தலையணை வைத்துப் படுக்க வைத்திருக்காங்க. சில மாதம் கழித்து வந்தபோது தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்ப ஒரு ஆபரேஷன். கழுத்தில் தீக்காயம் என்றால் தலையணையே கூடாது என்று அந்த வீட்டு வாசலில் போய்ச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

இன்றைக்கு ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும், நோய் ஆதரவு சிகிச்சை கொடுப்பதும் சேர்ந்தே இருக்கிறது. கேட்டால்தான் வருவாங்க. டிஸ்சார்ஜ் ஆன வாரமே, அந்தச் சீட்டோடு துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், "எங்க வீட்டில் தீக்காயம் பட்டவர் இருக்கார், பிசியோதெரபிஸ்ட் வரணும்" என்று பதிந்துவிடுங்க. வழி தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்க.

அப்படி ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவுக்கு அக்குளில் காயம், கை தோளுக்கு மேல் போகாது. பிசியோதெரபி தம்பி வந்து, சுவரில் விரலால் ஏறுகிற மாதிரி பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவரால் தினமும் வர முடியாது. அந்த ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒரு வேலை செய்தாங்க. அடுப்புக் கரியை எடுத்து, விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு. "மதினி, நாளைக்கு இதுக்கு மேல ஒரு கோடு போடணும்." வருகிற நாளெல்லாம் அந்தக் கோட்டைப் பார்ப்பாங்க. கோடு ஏறாத நாளில், "ஏன் ஏறல? வலியா, மனசு சரியில்லையா?" என்று உட்கார்ந்து கேட்பாங்க. சில மாதத்தில் கோடு நிலைப்படி உயரத்தைத் தாண்டியது. ஒரு நாள் நான் போனபோது, அந்த அக்கா தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டு இருந்தாங்க.

அந்தத் தன்னார்வலர் செய்ததில் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தினம் வந்து பார்த்தது மட்டும்தான்.

உடம்பைப் போலவே மனசையும் பார்க்கணும். ஆறின தோல் அரிக்கும், ராத்திரித் தூக்கம் போகும். எண்ணெய் தடவணும், இறுக்கமான அழுத்த உடை கொடுத்திருந்தால் நம்ம வெயிலிலும் அதைப் போட்டே ஆகணும். கண்ணாடி பார்க்க மாட்டாங்க, விசேஷ வீட்டுக்கு வர மாட்டாங்க. தீபாவளி அன்றைக்கு ஊரெல்லாம் சத்தம் கேட்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்திருப்பாங்க. இதைத் திமிர் என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ சொல்லாதீங்க. 14416-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். செவிலியரிடம் சொன்னால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வழி காட்டுவாங்க.

காகிதமும் வைத்தியம்தான்

வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. பலன், சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. உங்க பெயர் பதிவாகி இருக்கிறதா என்று விபத்துக்கு முன்னாலேயே ஆலையில் கேளுங்க. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை, நலவாரியப் பதிவு, கை கால் முடங்கிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றையும் விடாதீங்க. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் அறிவித்தார். அப்படிப்பட்ட குடும்பம் உங்க தெருவில் இருந்தால், ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும்

மூன்று வேலை செய்யுங்க. வாசல் சுவரில் 108-க்குக் கீழே உங்க கிராம சுகாதார செவிலியர் நம்பரை எழுதுங்க. நாளைக்கு வேனில் ஏறுகிறவரிடம், மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்க. அடுத்த தடவை தன்னார்வலர் வாசலில் வந்து நின்றால், "டாக்டர் வரலையா?" என்று கேட்காமல், உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்க. வெயிலில் வீடு வீடாக நடந்து வந்தவங்க அவங்க.

வேன் எல்லாம் நல்லபடியாகத் திரும்பணும். அதையும் மீறி ஒரு நாள் திரும்பாமல் போனால், நம்ம ஆள் உயிரோடு மட்டும் வந்தால் போதாது. தலை நிமிர்ந்து, கை நீட்டி, பிள்ளைக்குத் தலை பின்னுகிற ஆளாகத் திரும்பி வரணும். அதற்கு டாக்டரோடு இவங்களும் வேணும், நீங்களும் வேணும்.