மழை நாட்டில் விதை காத்தல்



நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் குடியிருக்கும் தமிழராகிய நம்மிடையே ஒரு குறை அடிக்கடி கேட்கும்: “திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த விதை இங்கே முளைக்கவில்லை.” குற்றம் மண்ணினுடையதன்று, காற்றின் ஈரத்தினுடையது.

மாசி, பங்குனியில் நாம் எடுத்துவைக்கும் பயறும் வெண்டையும் இடவப்பாதி, துலாமழை ஆகிய இரண்டையும் தாண்டியே அடுத்த கோடைத் தோட்டத்துக்கு வந்து சேரவேண்டும். விதை உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. ஈரம் ஏற ஏற மூச்சு விரைந்து, உள்ளிருக்கும் உணவு வீணாகிறது. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அமெரிக்க விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு.

இக்கணக்கை அறியாமலே நம் பாட்டிமார் அதன்படி நடந்தனர். 1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இரு புறத்து அடுக்களைகளிலும் அடுப்புக்கு மேலேதான் விதை தொங்கியது. புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடவில்லை. பயற்றில் சாம்பல் கலந்தனர். அது வண்டின் நடமாட்டத்தைத் தடுத்தது. தடியங்காயை முழுக்காயாகவே உறியில் இட்டனர்.

இன்று எரிவாயு வந்துவிட்டது; கண்ணெரிச்சல் ஒழிந்தது, மகிழ்ச்சியே. ஆனால் அடுப்போடு விதைக்காப்பும் போயிற்று என்பதை நாம் எண்ணிப்பார்க்கவில்லை. சரியாக உலராத பயற்றை நெகிழிப் புட்டியில் இறுக மூடி, ஆவணியில் திறந்து பூசண நாற்றத்தைக் கண்டவர்களுள் நாமும் உண்டு. மூடி ஈரத்தை வெளியே நிறுத்துவதுபோல் உள்ளேயும் சிறைவைக்கும்.

ஆதலால், மழைக்கு முன்பே இளவெயிலிலும் நிழலிலுமாகப் பல நாள் உலர்த்துங்கள். பயற்றைக் கடித்தால் பல் பதியாமல் உடையவேண்டும். கண்ணாடிப் புட்டியின் அடியில், சிவக்க வறுத்து மூடி ஆறவைத்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் துணிமுடிப்பாக விதையை வைத்து இறுக மூடுங்கள். அரிசி எஞ்சிய ஈரத்தை வாங்கிக்கொள்ளும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. வெளியே எடுத்த புட்டியை மட்டும் குளிர் நீங்கும்வரை திறவாதீர்கள், உள்ளே பனி படியும்.

விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு, பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். ஏழெட்டு முளைத்தால் அஞ்சவேண்டா. நாலைந்தே முளைத்தால் குழிக்கு இரு மடங்கு இடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், அடுத்த வீட்டாரிடம் விதை கேட்க அந்தப் பத்து நாளில் எஞ்சிய நாள் கையில் இருக்கிறது.