நிழல் விழாத நண்பகல்



தொடக்கப் பள்ளியில் விசையையும் இயக்கத்தையும் வானியலையும் எப்படிக் கற்பிப்பது என்று பேசக் கூடியிருக்கிறோம். தலைமை ஏற்றவன் என்ற முறையில் உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன்: பிள்ளை நிற்கிற மண்ணிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.

நம் பிள்ளைகள் நோட்டில் வரையும் பிறை நிமிர்ந்து நிற்கும். மாசி, பங்குனியில் மூன்றாம் பிறையை மேற்கே பாருங்கள். தோணிபோல மல்லாந்து கிடக்கும். நிமிர்ந்த பிறை பெரும்பாலும் நமக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளின் காட்சி. கண்ணால் கண்டதைவிட அச்சில் வந்ததே சரி என்று ஏழு வயதிலேயே பழகிவிட்ட பிள்ளையிடம் பிறகு எந்த அறிவியலைப் பேசுவது?

நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும் என்கிறோம். சென்னையில் அது ஆண்டுக்கு 2 முறைதான் நடக்கிறது; ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி. அன்று 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில், முற்றத்தில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. வாரம் ஒருமுறை சாக்பீஸால் குறித்துவந்தால் பிள்ளைகளே இதைக் கண்டுகொள்வார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். சென்னையில் நிழல் மறையும் அதே நாளில் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றில் 1 மீட்டர் குச்சியை நட்டால், நண்பகலில் ஏறத்தாழ 9 செ.மீ. நிழல் விழும். அது 5 பாகைச் சாய்வு, அதாவது முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே தென்வடலாகச் சுமார் 555 கி.மீ. அதை 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும், ஏறக்குறைய 40,000 கி.மீ. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் போட்ட கணக்கை நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் போடலாம். இரண்டு ஆசிரியர்கள் செல்பேசியில் பேசிக்கொண்டால் போதும். ஏப்ரல் நாள் தேர்விலும் விடுமுறையிலும் போய்விடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். மேகம்தான் வழிவிட வேண்டும்.

விசைப் பாடத்துக்கும் இதே வழிதான். தள்ளிய விசை தீர்ந்ததும் பொருள் நின்றுவிடும் என்றே பிள்ளைகள் நம்புகிறார்கள். அரிஸ்டாட்டிலின் கருத்தும் இதற்கு நெருக்கமானதுதான். ஆகவே அந்த நம்பிக்கையை மதித்தே தொடங்க வேண்டும். கேரம் பலகையில் பவுடர் இல்லாமல் ஒருமுறை, தூவி ஒருமுறை காயைச் சுண்டச் சொல்லுங்கள். ஒரே மாதிரி சுண்டியும் இரண்டாம் முறை காய் ஏன் அதிக தூரம் போனது? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உராய்வு என்று ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் யோசனை அங்கேயே நின்றுபோகும்.

கட்டுரை வாசிக்கும் நண்பர்கள், வகுப்பில் பிள்ளைகள் சொன்ன பதில்களை, தவறானவற்றையும் சேர்த்து, அவர்கள் சொன்னபடியே இந்த அவையில் வையுங்கள். நம் விவாதம் அவற்றைக் கொண்டே நடக்கட்டும். முதல் அமர்வுக்குரிய ஆசிரியர்களை மேடைக்கு அழைக்கிறேன்.